சில்லுக்கும் ஒரு சரித்திரம்



இரண்டு மாதம் முன்பு இஸ்தான்புல்லிலிருந்து மகள் பேசினாள். மாப்பிள்ளைக்கு அங்கேதான் உத்தியோகம். "அம்மா, தலைப்பிரசவத்துக்கு நான் ஊருக்கு வர முடியாது போலிருக்கு. விமானப் பயணம் வேண்டாங்கிறார் டாக்டர்" என்றாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்படி என்ன பொல்லாத ஊர் அது என்று ஒரே ஆத்திரம்!

என்னைச் சமாதானப்படுத்தத்தானோ என்னவோ, தினமும் ஒரு படம் அனுப்பினாள். நடுவே பாஸ்பரஸ் என்ற நீரிணை. இந்தக் கரை ஆசியா, அந்தக் கரை ஐரோப்பா. ஆசியாவில் வீடு, ஐரோப்பாவில் வேலை என்று ஜனங்கள் தினமும் கண்டம் விட்டுக் கண்டம் போய் வருகிறார்கள். 1973-ல் பாலம் வந்தது. 2013-ல் கடலுக்கு அடியிலேயே ரயில் விட்டுவிட்டார்கள். ஆனாலும் கையில் தேநீரோடு படகில் போவதுதான் சுகமாம். ரோமச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் 330-ல் தலைநகராக்கியதால் கான்ஸ்டான்டிநோபிள் என்று பெயர் பெற்ற ஊர். 1453-ல் துருக்கியர் வசமானது.

ஒருநாள் டோப்காபி அரண்மனைச் சமையற்கட்டின் படம் வந்தது. சுல்தான்கள் சேர்த்த சீனப் பீங்கான் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல்! அதில் வாழைக்குருத்து நிறத்தில் ஒரு பச்சைத் தட்டு. விஷம் கலந்த உணவை வைத்தால் இந்தத் தட்டு காட்டிக் கொடுத்துவிடும் என்று நம்பினார்களாம். எனக்கோ தூக்கிவாரிப் போட்டது. "அடியே, இது எங்க சில்லுடீ!" என்று கத்தியே விட்டேன்.

நான் பிறந்தது ராமநாதபுரம் பக்கம் பெரியபட்டினத்தில். மழை விட்டதும் தென்னந்தோப்பு மண்ணில் பச்சை ஓட்டுத் துண்டுகள் தலைகாட்டும். பாண்டி ஆட அதைவிட நல்ல சில்லு கிடையாது. "காலைக் கிழிச்சிக்காதடி, தூரப் போடு" என்பாள் பாட்டி. நாங்களும் ஆடிவிட்டுக் குளத்தில் வீசுவோம். 1987-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே தோண்டிப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அத்தனையும் 13, 14-ம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான்!

அந்தக் காலத்தில் எங்கள் ஊர் பெரிய துறைமுகம். மொராக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதா, 1340-களில் மதுரைச் சுல்தான் நாட்டில் 'பத்தன்' என்ற அழகிய துறைமுக நகரைப் பார்த்தார். பருத்த மரத்தூண்கள் மேல் நின்ற மண்டபம், கல்லால் கட்டிய பள்ளிவாசல், திராட்சை, மாதுளை எல்லாம் எழுதி வைத்திருக்கிறார். அது பெரியபட்டினமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

அதே மனிதர் அதற்குச் சுமார் பத்து வருடம் முன்பு கான்ஸ்டான்டிநோபிளுக்கும் போனவர். யாருடன் தெரியுமா? உஸ்பெக் கானின் மனைவியுடன்! அந்நகரத்துச் சக்கரவர்த்தியின் மகளான அவள் பிரசவத்துக்குத் தாய்வீடு கிளம்பினாள். இவரும் அந்தப் பரிவாரத்தோடு ஒட்டிக்கொண்டார். போனவள் திரும்பவில்லை, பிறந்த வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

ஆக, ராணியானாலும் பிரசவத்துக்குத் தேடுவது தாய்வீட்டைத்தான். மகள் வர முடியாவிட்டால் என்ன, தாய்வீடு புறப்பட்டுப் போகக் கூடாதா? டிக்கெட் வாங்கியாகிவிட்டது. பெட்டியில் பிரசவ லேகியம், பழைய வேட்டித் துணி, வசம்பு. "சில்லு ஒண்ணு கொண்டு வாம்மா" என்றாள். பழம்பொருளை நாடு கடத்துவது குற்றமாயிற்றே! கோலப்பொடி எடுத்து வைத்திருக்கிறேன். பிள்ளை நடக்கிற வயதில் மறுபடி போய்ப் பாண்டிக் கட்டம் போட்டுக் கொடுப்பேன்.

உங்கள் வீட்டுக் கொல்லையிலும் இப்படித் துண்டுகள் கிடைக்கலாம். என் பாட்டி மாதிரி தூரப் போட்டுவிடாதீர்கள். பக்கத்து அருங்காட்சியகத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் குளத்தில் வீசியவை போனது போனதுதான்.