டாக்டரம்மா பேசுகிறேன்: கருவிலே விழும் குறி

"எல்லாரும் சாப்பிட்டப்புறம் சாப்பிடலாம்னு இருந்தேன் டாக்டர், அப்புறம் பசியே போயிடுச்சு" என்று கர்ப்பிணிகள் சொல்லும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

1944-45 குளிர்காலத்தில், ஜெர்மானியர் பிடியிலிருந்த மேற்கு ஹாலந்தில் கொடிய பஞ்சம். ஒரு நாள் ரேஷன் ஆயிரம் கலோரிக்கும் கீழே போயிற்று. கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் அந்தப் பட்டினியில் சிக்கிப் பிறந்தவர்களை 50 வயதில் ஆம்ஸ்டர்டாமில் பரிசோதித்தார்கள். நூற்றுக்குச் சுமார் 9 பேருக்கு இதய ரத்தக் குழாய் நோய்! பஞ்சம் படாதவர்களில் 3 பேருக்குத்தான்.

2008-ல் இன்னொன்றும் வெளிவந்தது. பஞ்சத்தில் கருவானவர்களிடம், வளர்ச்சிக்கான ஒரு மரபணுவின் மேலிருக்கும் 'மீதைல்' குறிகள், அவர்கள் உடன்பிறந்தோரைவிடக் குறைவு. மரபணு மாறவில்லை, அதன் வேலையைக் கூட்டிக் குறைக்கும் குறிதான் மாறியிருந்தது. சமையல் குறிப்பு அதேதான், ஓரத்தில் யாரோ பென்சிலால் அளவை மாற்றினாற்போல! இந்த ஒரு குறிதான் நோய்க்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கருவில் பட்ட பசியை உடம்பு மறப்பதில்லை என்பது நிச்சயம்.

ஒரு வேளை தவறினால் பயப்படாதீர்கள். அது வழக்கமாகிவிடக் கூடாது. மசக்கையா? கஞ்சி, மோர், இட்லி என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். தண்ணீரும் தங்காவிட்டால் உடனே டாக்டரிடம் போங்கள்.

மாமியார்மார்களே, பிள்ளைத்தாய்ச்சிக்கு முதல் பந்தியிலேயே இலை போடுங்களேன்!