வெள்ளை டெக்கீலா: சுவையில் தொடங்கிய சண்டை

மேஜை மேல் ஆறு கண்ணாடித் தம்ளர்கள். ஆறும் வாய் குறுகியவை. ஆறிலும் தண்ணீர் போலத் தெளிந்த சரக்கு. கண்ணால் பார்த்தால் எது எந்தப் புட்டியிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

மூக்கால் சொல்லலாம். நாக்கால் சொல்லலாம். அப்படிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொன்ன சொல்தான் மெக்சிகோ நாட்டில் ஒரு பெரிய தகராறாக மூண்டிருக்கிறது. தொழிற்சாலைகள், விவசாயிகள், அமெரிக்க நீதிமன்றம் எல்லாம் அதில் இழுபட்டுவிட்டன.

சண்டை எதைப் பற்றி? டெக்கீலா என்ற மதுவைப் பற்றி. அதிலும் பீப்பாயில் போட்டு வைக்காத வெள்ளை டெக்கீலாவைப் பற்றி.

கற்றாழையில் சாராயமா?

ரயில் பாதை ஓரத்தில் வாள் வாளாக இலை நீட்டி நிற்கும் கற்றாழையை எல்லோரும் பார்த்திருப்பார்கள். ரயில் கற்றாழை என்று சொல்வார்கள். அதன் பூர்வீகம் மெக்சிகோ. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு செடிதான் நீலக் கற்றாழை. அதன் இலை சாம்பல் கலந்த நீலமாக இருக்கும். டெக்கீலாவை இந்த ஒரு வகையிலிருந்துதான் எடுக்க வேண்டும். இது அங்கே சட்டம்.

டெக்கீலா என்பது ஓர் ஊரின் பெயர். மெக்சிகோவின் மேற்கே, ஹலிஸ்கோ மாநிலத்தில், ஓர் எரிமலையின் அடிவாரத்தில் இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டு என்றால் அது காஞ்சிபுரத்துக்கே உரியது அல்லவா? அதைப் போல இந்தப் பெயருக்கு 1974-ம் ஆண்டில் மெக்சிகோ அரசாங்கம் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தது. ஹலிஸ்கோவிலும், வேறு 4 மாநிலங்களின் சில பகுதிகளிலும் செய்தால்தான் டெக்கீலா. வேறெங்கே செய்தாலும் அந்தப் பெயரை வைக்கக்கூடாது. இதை மேற்பார்க்க 1994-ல் டெக்கீலா ஒழுங்குமுறைக் கவுன்சில் என்ற அமைப்பு ஏற்பட்டது.

நீலக் கற்றாழை நெல்லைப் போல 4 மாதத்தில் விளைவதில்லை. 5 முதல் 8 ஆண்டு வரை பிடிக்கும். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் சங்கடம் எல்லாம் விளங்கும்.

வெட்டுகிறவர்களுக்கு ஹிமடோர் என்று பெயர். நீண்ட கம்பின் நுனியில் வட்டத் தகடு பொருத்திய கத்தி அவர்கள் கையில் இருக்கும். இலைகளை மளமளவென்று சீவித் தள்ளிவிடுவார்கள். நடுவில் இருக்கும் தண்டு மட்டும் மிஞ்சும். பார்த்தால் ராட்சத அன்னாசிப்பழம் போல இருக்கும். எடை 30, 40 கிலோவுக்குக் குறையாது. அதைவிடப் பெரியதும் உண்டு.

இனிப்பு எப்படி வருகிறது?

பச்சைத் தண்டில் இனிப்பு கிடையாது. வெந்தால்தான் அதில் உள்ள மாவுச்சத்து போன்ற பொருள் சர்க்கரையாக மாறும். சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சுட்டால் தித்திப்பு ஏறுகிறது. அதே கதைதான்.

பழைய வழி, செங்கல் அடுப்பு. அறை போன்ற அடுப்பில் தண்டுகளை அடுக்கி, நீராவி விட்டு, இரண்டு மூன்று நாள் பொறுமையாக வேக வைப்பார்கள். வெந்த தண்டு பழுப்பு நிறமாகிக் கரும்புப் பாகு வாசனை வீசும்.

அடுத்தது நசுக்குவது. நம் ஊர்ச் செக்கைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். வட்டக் குழியில் பெரிய கல் சக்கரம் உருளும். தஹோனா என்று பெயர். முன்னே கோவேறு கழுதை இழுத்தது. இப்போது பெரும்பாலும் மோட்டார் இழுக்கிறது. நேரம் போதாத ஆலைகளில் கரும்பு ஆலை போல இரும்பு உருளைகள் வந்துவிட்டன.

பிறகு சாற்றை ஊறல் போடுவார்கள். சில நாளில் நுரைத்துப் புளிக்கும். அதைக் கொப்பரையில் ஏற்றி இரண்டு முறை வடிப்பார்கள். முதலில் வருவது காரம், அதை ஒதுக்குவார்கள். கடைசியில் வருவது கசப்பு; அதையும் ஒதுக்குவார்கள். நடுவில் வருவதே சரக்கு. எந்த நிமிஷத்தில் குழாயைத் திருப்புவது என்பதில்தான் வடிப்பவனின் கைப்பக்குவம் இருக்கிறது.

அப்படி வந்ததைத் தண்ணீர் விட்டு அளவாக்கிப் புட்டியில் அடைத்தால் அது வெள்ளை டெக்கீலா. ஓக் மரப் பீப்பாயில் 2 மாதம் வைத்தால் வேறு பெயர். ஓர் ஆண்டு வைத்தால் இன்னொரு பெயர். பீப்பாய் நிறம் கொடுக்கும், வாசனை கொடுக்கும், குறையையும் மறைக்கும். வெள்ளைக்கு அந்தத் திரை இல்லை. செய்த விதம் அப்படியே வெளியே தெரிந்துவிடும்.

அவசரக்காரன் வழி

பெரிய ஆலைகள் சிலவற்றில் அடுப்பும் இல்லை, செக்கும் இல்லை. பச்சைத் தண்டைத் துருவி, ஒரு நீண்ட இயந்திரத்தில் வெந்நீர் பாய்ச்சிச் சத்தைக் கழுவி எடுத்துவிடுகிறார்கள். பிறகு அந்தச் சாற்றை மட்டும் காய்ச்சுகிறார்கள். நாள் கணக்கில் நடந்த வேலை மணிக்கணக்கில் முடிகிறது. ஒரு துளி சர்க்கரை வீணாவதில்லை. கணக்குப் பிள்ளைக்கு மகிழ்ச்சி.

சுவைக்கு? அங்கேதான் அந்த ஆறு தம்ளர்கள் பேசுகின்றன.

நிதானமாக வேக வைத்த சரக்கில் சுட்ட கிழங்கின் வாசனை முதலில் வரும். பின்னாலேயே மிளகுக் காரம், எலுமிச்சைத் தோல், நனைந்த மண். இயந்திரத்தில் கழுவி எடுத்ததில் அந்தக் கிழங்கு வாசனை மெலிந்துபோய்ச் சாராய நெடி முன்னே நிற்கும் என்பது சுவைஞர்களின் தீர்ப்பு.

ஊருக்கு ஊரும் மாறுகிறது. டெக்கீலா ஊரை ஒட்டிய பள்ளத்தாக்குச் சரக்கில் மிளகும் பச்சிலையும் தூக்கல். கிழக்கே அரந்தாஸ், அதோதோனில்கோ ஊர்களைச் சுற்றிய செம்மண் மேட்டுநிலச் சரக்கில் பழ வாசனையும் தித்திப்பும் தூக்கல். டெக்கீலா ஊரில் ஃபோர்தலேசா என்ற ஆலை இன்றும் கல் சக்கரத்தில் நசுக்குகிறது. அதோதோனில்கோவில் சியெத்தே லெகுவாஸ் ஆலையிலும் கல் சக்கரம் உண்டு. (சியெத்தே லெகுவாஸ் என்பது புரட்சி வீரர் பாஞ்சோ வில்லாவின் குதிரையின் பெயர்!) இரண்டின் வெள்ளைச் சரக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது சுவைஞர்களுக்குப் பிடித்த பரீட்சை. கல் ஒன்றுதான். மண்ணும் கையும் வேறு.

பரீட்சை செய்பவர்கள் உப்பு, எலுமிச்சை எதுவும் தொடமாட்டார்கள். மடக்கென்று விழுங்கவும் மாட்டார்கள். சீட்டை மறைத்து வைத்துவிட்டு, எல்லாவற்றிலும் ஒரே அளவு ஊற்றுவார்கள். வாயைச் சற்றுத் திறந்தபடி மோந்து பார்ப்பார்கள். அரை வாய்க்கும் குறைவாக எடுத்து நாக்கு முழுதும் பரவ விட்டு, மூச்சை மூக்கு வழியே விடுவார்கள். நடுவில் தண்ணீர். ஒரு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து உலர விட்டு முகர்வதும் உண்டு. சாராயம் பறந்த பிறகு நிற்பதுதான் செடியின் சொந்த வாசனை.

வெனிலா எங்கிருந்து வந்தது?

இப்படிப் பார்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்தது. சில வெள்ளைச் சரக்கில் வெனிலா ஐஸ்கிரீம் வாசனை அடிக்கிறது. வெனிலா வாசனை ஓக் மரத்திலிருந்து வருவது. பீப்பாயையே பார்க்காத சரக்குக்கு அது எப்படி வந்தது? நாக்கில் கிளிசரின் போல வழவழப்பு எதற்கு?

பீப்பாயில் வைத்த வகைகளில் நிறம், இனிப்பு, கிளிசரின், ஓக் மரச் சாறு சேர்க்க மெக்சிகோ சட்டம் இடம் தருகிறது. 1 சதவீதத்துக்குள் இருந்தால் புட்டியில் எழுத வேண்டியதில்லை. வெள்ளையிலாவது தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது என்பது சுவைஞர்களின் எதிர்பார்ப்பு.

சிலர் சும்மா இருக்கவில்லை. ஆலைகளுக்குப் போய்ப் பார்த்து, "இதில் எதுவும் சேர்க்கப்படவில்லை" என்று பட்டியல் வெளியிட்டார்கள். கவுன்சிலுக்குக் கோபம் வந்தது. சான்று கொடுக்க வெளியாருக்கு அதிகாரம் ஏது என்று கேட்டது. 2024 மார்ச்சில் பட்டியல் வெளியிட்டவர்களின் வீட்டிலேயே அதிகாரிகள் சோதனை போட்டார்கள். அதற்குப் பிறகுதான் இந்தப் பேச்சு உலகமெங்கும் பரவியது!

2025 மே மாதம் வழக்கு நியூயார்க்குக்கு வந்தது. இந்த முறை புகார் இன்னும் கடுமையானது. "100 சதவீதம் கற்றாழை" என்று சீட்டு ஒட்டிய புட்டியில் கரும்புச் சாராயம் கலந்திருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் சிலர் ஒரு பெரிய கம்பெனி மேல் வழக்குப் போட்டார்கள். கம்பெனி அதை அடியோடு மறுத்தது.

இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கரும்புச் சாராயம் கலப்பது எல்லா டெக்கீலாவிலும் குற்றமல்ல. சர்க்கரையில் 51 சதவீதம் கற்றாழையிலிருந்து வந்தால் போதும். "டெக்கீலா" என்று மட்டும் எழுதி விற்கலாம். "100 சதவீதம்" என்று எழுதிவிட்டுக் கலந்தால்தான் குற்றம்.

ஆய்வுச்சாலையில் கண்டுபிடித்துவிட முடியாதா? அதுதான் சுலபமில்லை. காற்றில் உள்ள கரி அணுவில் கனமானதும் உண்டு, இலேசானதும் உண்டு. ஒவ்வொரு செடியும் அவற்றை ஒரு விகிதத்தில் எடுத்துக்கொள்ளும். திராட்சைக்கு ஒரு விகிதம், கரும்புக்கு வேறு விகிதம். ஆகவே திராட்சை மதுவில் கரும்பைக் கலந்தால் அகப்பட்டுவிடும். ஆனால் கற்றாழையின் விகிதம் ஏறக்குறைய கரும்பின் விகிதமாகவே இருக்கிறது! திருடனும் வீட்டுக்காரனும் ஒரே சாயலில் இருந்தால் காவல்காரன் என்ன செய்வான்? ஹைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்களையும் சேர்த்து அளக்க வேண்டியிருக்கிறது. அதிலும் நிபுணர்களுக்குள் வாதம் நடக்கிறது.

30 பெசோவும் 2 பெசோவும்

சுவைஞர்கள் சண்டையில் விவசாயி ஏன் வந்தான்?

ஒரு லிட்டர் டெக்கீலாவுக்குச் சுமார் 7 கிலோ கற்றாழை வேண்டும். கரும்புச் சாராயம் ஒரு லிட்டர் உள்ளே நுழைந்தால் 7 கிலோ கற்றாழை வயலிலேயே நின்றுவிடும். கலப்படம் என்ற சொல் விவசாயியின் காதில் வேறு விதமாக விழுவது இதனால்தான்.

அமெரிக்காவில் டெக்கீலா மோகம் தலைக்கேறிய காலம் ஒன்று இருந்தது. ஜார்ஜ் குளூனி என்ற ஹாலிவுட் நடிகரும் நண்பர்களும் 2013-ல் தொடங்கிய டெக்கீலாக் கம்பெனி, 2017-ல் 100 கோடி டாலர் வரை பேசி விலை போயிற்று. வேறு நட்சத்திரங்களும் வரிசையில் வந்தார்கள். கற்றாழை விலை கிலோ 30 பெசோவைத் தொட்டது. 2014-ல் சுமார் 3 ஆயிரம் பேராக இருந்த பதிவு பெற்ற விவசாயிகள், 10 ஆண்டுக்குள் 40 ஆயிரத்தைத் தாண்டினார்கள். சோளம் போட்டவர்கள்கூட அதை அழித்துக் கற்றாழை நட்டார்கள்.

பிறகு தேவை தணிந்தது. 2022-ல் சுமார் 65 கோடி லிட்டராக இருந்த உற்பத்தி 2024-ல் 50 கோடிக்கும் கீழே இறங்கியது. கிடங்குகளில் சரக்கு தேங்கியது. கற்றாழை விலை சரிந்து, 2025-ல் ஒப்பந்தம் இல்லாத விவசாயிகளிடம் கிலோ 2 பெசோவுக்குக்கூடக் கேட்டார்கள். லிட்டருக்கு 210 பெசோ கொடுத்த 7 கிலோ கற்றாழை, 14 பெசோ ஆயிற்று! வெட்டுக் கூலிக்கும் வண்டிக்கும் காணாது.

விவசாயிகள் ஊர்வலம் கிளம்பினார்கள். "கலப்படம் எங்கள் வயிற்றில் அடிக்கிறது" என்பது அவர்கள் கூப்பாடு. கவுன்சில், எல்லாம் மேற்பார்வையில்தான் நடக்கிறது என்கிறது.

விலைச் சரிவு முழுவதையும் கலப்படத்தின் தலையில் கட்டுவது சரியாக இராது. கலக்கும் ஆசை அதிகம் இருந்திருக்க வேண்டியது கற்றாழை 30 பெசோ விற்ற நாளில். அன்று விவசாயி கையில் பணம் புரண்டது. யாரும் கேள்வி கேட்கவில்லை. இன்றைய சரிவுக்கு அளவுக்கு மீறி நட்டதே போதுமான காரணம். இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது. 1990-களின் இறுதியில் நோயும் உறைபனியும் தாக்கின. 2000-ல் பஞ்சம், விலை உச்சி. எல்லோரும் நட்டார்கள். சில ஆண்டில் கேட்பாரில்லை.

ஆனாலும் சீட்டில் எழுதியதும் புட்டிக்குள் இருப்பதும் ஒன்றா என்ற கேள்வி, விலை எதுவானாலும் கேட்க வேண்டிய கேள்விதான். ஆலைக்காரர் பதில் சொல்லாவிட்டால், பொறுமையாக அடுப்பில் வேக வைக்கிறவனும் அவசரக்காரனோடு சேர்ந்து சந்தேகத்துக்கு ஆளாகிறான்.

30 பெசோ விலையைப் பார்த்து 2022-ல் நட்ட கன்றுகள் இன்னும் வயலில் நிற்கின்றன. அவை நன்றாக விளைய 2028 ஆகும். விளைந்த பிறகும் வெட்டாமல் விட்டால், நடுவிலிருந்து ஆள் உயரத்தைவிடப் பல மடங்கு உயரமாகப் பூத்தண்டு எழும்பும். தண்டில் சேர்ந்த சர்க்கரை எல்லாம் அந்தப் பூவுக்குப் போய்விடும். இரவில் வௌவால்கள் வந்து தேன் குடிக்கும். பூத்து முடிந்ததும் செடி செத்துவிடும்.