பிரிண்ட் போட்டால் 180, எடுத்தால் 0

பெர்லில் ஸ்ட்ரிங் இவாலோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியும். நாலு வரிக்கு மேலே கண்முன்னால் நிற்கிற வேரியபிள், ஓடும் நேரத்தில் வெறுமையாகிவிடுகிறது. அதுவும் சத்தமே இல்லாமல்!

பில் போடும் ப்ரோகிராம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வெளி ஃபங்ஷனில் ‘மை’ போட்டு வரி விகிதம் 18 என்று வைத்தாயிற்று. அது பெயரில்லாத ஒரு சப்ரூட்டீனைத் திருப்பித் தருகிறது. அந்தச் சப்ரூட்டீன் தொகையை வாங்கி, வரிக்கான சூத்திரத்தை ஸ்ட்ரிங்காக இவால் செய்கிறது, அதாவது அந்த எழுத்தை ஓடும் நேரத்தில் கோடாக இயக்குகிறது. 1000 ரூபாய்க்கு 180 வர வேண்டும். வருவதோ 0. ஸ்ட்ரிக்ட் போட்டிருந்தாலும் வாய் திறக்காது. பெயர் முன்பே அறிவிக்கப்பட்டிருக்கிறதே, அதற்கு அது போதும்.

விகிதத்தில் என்னதான் இருக்கிறது என்று பார்க்க உள்ளே ஒரு பிரிண்ட் போட்டால், உடனே 180 வந்துவிடுகிறது. பிரிண்ட்டை எடுத்தால் மறுபடியும் 0. இப்படி இருந்தால் பிழையை எங்கே போய்த் தேடுவது?

உள் சப்ரூட்டீன் கம்பைல் ஆகும்போது, அதில் பெயர் சொல்லி எழுதிய வெளி வேரியபிள்களை மட்டுமே பெர்ல் பிடித்து வைக்கிறது. பிரிண்ட் போட்டால் பெயர் அங்கே வந்துவிடுகிறது, அதனால் 180. ஸ்ட்ரிங்குக்குள் மட்டும் இருந்தால் அது அப்போது வெறும் எழுத்துதான். வெளி ஃபங்ஷன் முடிந்ததும் விகிதத்தின் மதிப்பு போய்விடும். பிறகு இவால் வந்து கேட்டால் பெயர் இருக்கும், மதிப்பு இருக்காது.

மெமரியை வீணாக்க வேண்டாம் என்ற நியாயம் புரிகிறது. ஆனால் இல்லாத மதிப்புக்கு அன்டெஃப் என்ற வெற்று மதிப்பை நீட்டிக் கணக்கைத் தொடரவிடுவது என்ன நியாயம்? வார்னிங்ஸ் போட்டிருந்தால் வேரியபிள் கிடைக்கவில்லை என்று லாகில் ஒரு வரி விழும். அந்தக் கூட்டத்தில் அதை யார் பார்க்கிறார்கள்? வேரியபிளின் பெயரைச் சும்மா ஒரு வரியாக எழுதிவைத்தால் சரியாகும். ஆனால் அதே பெர்ல் அந்த வரியைப் பயனற்றது என்று எச்சரிக்கும். பின்னால் வருபவர் அதை நம்பி அழித்துவிடுவார்.

வேரியபிள் கிடைக்கவில்லை என்ற அந்த க்ளோஷர் வார்னிங்கை ஃபேட்டல் ஆக்கலாம்தான். அப்போதும் பிழை இவாலுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் நாமே சோதித்துப் பார்க்க வேண்டும். இத்தனை காவலும் எழுதுகிறவர் தலையிலா? மதிப்பு இல்லையென்றால் ப்ரோகிராம் அங்கேயே நிற்கட்டும். தப்பான பில் வாடிக்கையாளர் கைக்குப் போவதைவிட அது எவ்வளவோ மேல்.