தண்ணியில ஓடுற காரு

சனி, ஞாயிறு ஆனா ஈசிஆர்ல மாமல்லபுரம் வரைக்கும் ஸ்போர்ட்ஸ் காருங்க சீறிக்கிட்டுப் போகும். அப்படி ஒரு காரைத் தண்ணிக்குள்ளயே இறக்கிட்டாங்க சுவிட்சர்லாந்துல. 1977-ல வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தைப் பார்த்து வந்த ஆசை. ரின்ஸ்பீட் கம்பெனி 2008-ல லோட்டஸ் எலீஸ் காரோட பெட்ரோல் எஞ்சினைக் கழட்டிட்டு மின் மோட்டாருங்களை வச்சது. பேரு 'ஸ்குபா'. 10 மீட்டர் ஆழம் வரை போகும். கூரை கிடையாது, காத்துக்குழாயை வாயில வச்சுக்கணும். ரோட்டுல மணிக்கு 120 கி.மீ., தண்ணி மேல 6, அடியில 3. எங்க எருமையே ஈடு கொடுக்கும்!

நாங்க சேறடிக்க டிராக்டருக்குக் கேஜ் வீல் மாட்டுறோம். இரும்புச் சக்கரம், சேத்துல புதையாது. தார் ரோட்டுல ஓட்டினா ரோடு கொத்துபரோட்டாதான். அதனால வேலை முடிஞ்சதும் கழட்டிடுவோம்.

"மழைக்கு மிதக்குற காரு வந்தா நல்லாருக்கும்ல"ன்னு சென்னை நண்பர்கள் கேக்குறாங்க. 2024 அக்டோபர்ல வேளச்சேரி மேம்பாலத்துல காரை ஏத்தி நிறுத்தினவங்க நீங்க, ஆசை நியாயம்தான். ஆனா செங்கல்பட்டு ஏரி மாவட்டங்க. ஒரு ஏரி ரொம்பினா கலங்கல் வழியா அடுத்த ஏரிக்குத் தண்ணி போகணும். அந்தக் கால்வாய்ல மனை போட்டு வித்தா, வாங்குனவர் பார்க்கிங்லதான் வந்து நிக்கும். மனை வாங்குறதுக்கு முன்னாடி கிராமத்து வரைபடத்துல கால்வாய் எங்க போகுதுன்னு பாருங்க.

2015 டிசம்பர் வெள்ளத்துல ஆளுங்களை மீட்டதும் மிதக்குற காரு இல்ல. மீனவருங்க லாரியில ஏத்திக்கிட்டு வந்த படகுங்கதான்.