பவள விழாவும் காடி நாற்றமும்

திரைப்பட நிறுவனம் ஒன்று தன் பொன்விழாவையோ பவள விழாவையோ கொண்டாடும் முறை இன்று ஏறத்தாழ ஒரு சடங்காகிவிட்டது. நிறுவனரின் உருவப்படத்திற்குச் சந்தன மாலை. முதிர்ந்த நடிகையருக்கும் ஒளிப்பதிவாளருக்கும் பொன்னாடை. பழைய படங்களினின்று கத்தரித்தெடுத்த காட்சிகள் பத்து நிமிடம் திரையில் ஓட, அவையோரின் கைதட்டல். அமைச்சர் ஒருவர் வெளியிடப் பளபளப்புத் தாளில் ஒரு மலர். பழமையைப் போற்றியாயிற்று என்ற மனநிறைவோடு கூட்டம் கலைகிறது. அந்தப் பத்து நிமிடக் காட்சிகள் எந்தச் சுருளினின்று எடுக்கப்பட்டன, அச்சுருள் இப்போது எந்த அறையில், எந்நிலையில் கிடக்கிறது என்று கேட்பார் அங்கு இலர். கேட்க வேண்டிய கேள்வியோ அது ஒன்றே.

ஓலைச்சுவடியைக் கரையான் தின்றது என்று உ. வே. சாமிநாத ஐயரின் வரலாற்றைச் சொல்லி மாணவரை உருகச் செய்யும் தமிழாசிரியர்கள், படச்சுருளுக்கும் ஒரு கரையான் உண்டு என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. 1950களின் தொடக்கம் வரை படங்கள் நைட்ரேட் சுருளில் பதிவாயின. அது எளிதில் தீப்பற்றும். பற்றினால் அணைப்பது அரிது. பின்னர் வந்த அசிட்டேட் சுருள் தீக்கு அஞ்சாதது. ஆனால் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் தானே சிதையத் தொடங்கும். பெட்டியைத் திறந்தால் காடி நாற்றம் மூக்கைத் துளைக்கும். சுருள் சுருங்கும், நெளியும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்நாற்றம் கிளம்பிவிட்டால் சிதைவைத் தாமதப்படுத்தலாமேயன்றித் திருப்ப இயலாது. குளிரூட்டிய, ஈரமற்ற அறை ஒன்றே காவல். சென்னையின் வெயிலுக்கும் பினாங்கின் புழுக்கத்திற்கும் இது எவ்வளவு பொருந்தும் என்று சொல்லத் தேவையில்லை. இவை போதாவென்று, பழைய சுருள்களில் உள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகவே அவற்றை எடைக்கு விற்றவர்களும் இந்தியத் திரையுலகில் இருந்தனர்.

இதன் விளைவு என்ன? 1931 அக்டோபர் 31இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ இன்று இல்லை. நடராஜ முதலியார் எடுத்த, தென்னகத்தின் முதல் மௌனப் படமான ‘கீசக வதம்’ இல்லை. ‘காளிதாஸ்’ படத்தின் நாயகியும் தென்னகத்தின் முதல் பெண் இயக்குநருமான டி. பி. ராஜலட்சுமி 1936இல் உருவாக்கிய ‘மிஸ் கமலா’ இல்லை. புனேயில் 1964இல் தொடங்கப்பட்ட இந்தியத் தேசியத் திரைப்படக் காப்பகம் தேடித் தேடிச் சேர்த்தவற்றிலும் நைட்ரேட் சுருள்களில் ஒரு பெரும்பகுதி 2003 ஜனவரியில் தீக்கு இரையாயிற்று. தொல்காப்பியத்திற்கு முந்திய நூல்கள் கடல்கொண்டன என்று ஏங்கும் இனம், தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் தன் பாட்டன் கண்ட படத்தைத் தன் கையாலேயே தொலைத்துவிட்டு நிற்கிறது.

தப்பிப் பிழைத்த படத்தின் கதையும் கேட்கத்தக்கது. நாகர்கோவில் சுந்தரராஜ் தயாரிக்க, பி. வி. ராவ் இயக்கி 1933இல் வந்த ‘மார்த்தாண்ட வர்மா’ என்னும் மௌனப் படம், நாவலின் பதிப்புரிமை பற்றிய வழக்கில் சிக்கிற்று. சுருள் திருவனந்தபுரம் கமலாலயா புத்தக நிலையத்தின் வசம் சேர்ந்தது. புத்தகக் கட்டுகளோடு கட்டாகக் கிடந்தது. 1974இல் புனே காப்பகம் அதனைப் பெற்றது. எடுத்தவரைத் திவாலாக்கிய வழக்கே படத்தைக் காத்தது! விழா எடுத்தவர் எவரும் காக்கவில்லை.

ஏவி.எம். நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். குறை கூற எளிதான நிறுவனங்கள் வேறு பல உண்டு. சேலம் ஏற்காடு சாலையில் நூற்றுக்கு மேற்பட்ட படங்களை ஈன்ற மாடர்ன் தியேட்டர்ஸில் எஞ்சியது நுழைவாயில் வளைவு. ஜெமினியில் எஞ்சியது மேம்பாலத்திற்கு மக்கள் வழங்கும் பெயர். இவற்றுக்கு நடுவே 1945இல் ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் தொடங்கிய ஏவி.எம். தலைமுறைகளைத் தாண்டி நின்றது பெருமைக்குரியதே. 2023 மே மாதத்தில் வடபழனியில் அதன் பாரம்பரிய அருங்காட்சியகத்தை முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் திறந்து வைத்தார். பழைய படப்பிடிப்புக் கருவிகளும் பழங்காலக் கார்களும் அங்கே மெருகு குலையாமல் நிற்கின்றன. நல்ல செயல்தான். எனினும் ஒன்று: காரைப் பார்த்தவன் படத்தைப் பார்த்தவன் ஆகான். ‘பராசக்தி’யைப் பதிவு செய்த கருவி எதுவாயினும் அதனைச் சுற்றி வருவதால் அப்படத்தின் நீதிமன்ற உரையாடல் எவன் காதிலும் ஒலிக்காது. புலவனின் எழுத்தாணியைக் கண்ணாடிப் பேழையில் வைத்துவிட்டு அவன் சுவடியைப் பரணில் போடுவதைத் தமிழாசிரியர் எவரேனும் புலமைப் பாதுகாப்பு என்பாரா?

விழாவைச் சிறப்பிக்கும் வழியை நாடி வெளியே அலைய வேண்டியதும் இல்லை. ஏவி.எம். நிறுவனத்தின் சொந்த வரலாற்றிலேயே அதற்கு முன்மாதிரி உள்ளது. காரைக்குடியில் எடுக்கப்பட்டு 1947 தொடக்கத்தில், நாடு விடுதலை பெறுவதற்குச் சில திங்கள் முன்பாகவே, வெளிவந்த ‘நாம் இருவர்’ படத்தில் டி. கே. பட்டம்மாளின் குரலில் பாரதி பாடல்கள் ஒலித்தன, நாடெங்கும் பரவின. பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமையை மெய்யப்பர் விலைகொடுத்து வாங்கியிருந்தார். டி. கே. எஸ். சகோதரர்கள் 1948இல் ‘பில்கணன்’ படத்தில் பாரதி பாடலைச் சேர்த்தபோது உரிமைப் பூசல் எழுந்தது. தேசியக் கவியின் பாட்டு ஒருவருக்கு உடைமையா என்று எழுத்தாளரும் கலைஞரும் கிளர்ந்தெழுந்தனர். 1949இல் சென்னை மாகாண அரசு பாரதி படைப்புகளைப் பொதுவாக்க முன்வந்த வேளையில், மெய்யப்பர் தம்மிடமிருந்த உரிமையை விலை கேளாமல் விட்டுக்கொடுத்தார். இன்று பள்ளிச் சிறுவன் மேடையேறிப் பாரதியைத் தடையின்றிப் பாடுகிறான் என்றால், அதில் அந்த வணிகரின் கைக்கும் பங்குண்டு. அவர் எடுத்த எத்தனையோ வெற்றிப் படங்களைவிட இந்த ஒரு செயல் உயர்ந்தது.

பாட்டுக்குச் செய்ததைப் படத்திற்குச் செய்வதில் என்ன தடை? இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் உரிமை, அது வெளிவந்த ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள் நீடிக்கும். பின்னர்ப் படம் மக்களுடையது. ‘நாம் இருவர்’ 2007 முடிவிலும் ‘பராசக்தி’ 2012 முடிவிலும் அந்த எல்லையைக் கடந்துவிட்டன. ஆனால் உரிமை மக்களிடம் வந்தது, சுருள் வந்ததா? மூலச் சுருளையோ அதனின்று எடுத்த நல்ல படியையோ வைத்திருப்பவர் மனம் வைத்தாலன்றிப் பொதுவுடைமை என்பது ஏட்டுச் சுரைக்காய்தான். சட்டம் திறந்துவிட்ட கதவின் பின்னே பூட்டிய அறை ஒன்று இருக்கிறது.

கெலுகோரில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர் பாரதி விழாவிற்கு ‘நாம் இருவர்’ படத்தை மாணவருக்குக் காட்ட விரும்புகிறார் என்று கொள்வோம். அவர் எங்கே போவார்? தொலைக்காட்சியினின்று யாரோ பதிவு செய்த படி கிடைக்கலாம். மூலையில் நிலைய முத்திரை, நடுவில் வெட்டு, முகங்கள் சுண்ணாம்பு பூசியவை போல் வெளுத்திருக்கும், பட்டம்மாளின் குரலோ கிணற்றுக்குள்ளிருந்து வரும். இதைப் பார்த்த பிள்ளைகள் பழைய படம் என்றாலே மங்கல் என்று முடிவு கட்டுவர். பிழை பிள்ளைகளுடையது அன்று. அப்படங்கள் வெளியான நாளில் வெள்ளித்திரையில் வைரமாய் ஒளிர்ந்தவை என்பதை அவர்கள் அறிய வழியே இல்லை.

பழைய படங்களைப் போற்றுகிறோம் என்று சொல்லிச் சிலர் செய்வது புறக்கணிப்பைவிடக் கொடியது. விஜயா நிறுவனத்தின் தெலுங்கு ‘மாயாபஜார்’ (1957) 2010இல் வண்ணம் ஏற்றப்பட்டு வெளிவந்தது, நீளமும் குறைந்தது. அப்படத்தில் ஓடத்தில் செல்லும் காட்சியின் நிலவொளி, ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லி பகல் வெளிச்சத்தில் படைத்துக் காட்டிய விந்தை என்று இன்றும் பேசப்படுவது. கறுப்பும் வெள்ளையும் கொண்டு நிலவை வரைந்த கைக்கு மேல் இன்னொருவர் சாயம் பூசினார். கூட்டம் வந்தது, வசூல் ஆயிற்று என்பர். சிலப்பதிகாரத்தைச் சுருக்கி, விளங்காத அடிகளை நீக்கி, எதுகையும் திருத்திப் பதிப்பித்தாலும் சிலர் வாங்குவர்!

மாறாக, 1964இல் பி. ஆர். பந்துலு எடுத்த ‘கர்ணன்’ 2012இல் மின்னணு முறையில் செப்பனிடப்பட்டுத் திரையரங்குகளில் மீண்டும் ஓடியபோது, அதனை முன்பு கண்டிராத இளைஞரும் வரிசையில் நின்றனர். படத்தைப் படமாகவே திருப்பிக் கொடுத்தால் மக்கள் வருவர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. சென்னை ஜெமினி படப்பிடிப்பு நிலையத்தில் உதயசங்கர் உருவாக்கிய ‘கல்பனா’ (1948) என்னும் நாட்டியப் படமும் அதே 2012இல் உலகத் திரைப்பட அறக்கட்டளையால் செப்பனிடப்பட்டுக் கான் விழாவில் திரையேறிற்று. சென்னையில் பிறந்த குழந்தைக்கு மருத்துவம் பார்க்க அயல்நாட்டார் கைகொடுக்க வேண்டியதாயிற்று.

மலையகத்திற்கு அண்மையிலேயே நல்லதும் தீயதுமாக இரண்டையும் காணலாம். சிங்கப்பூர்க் கேத்தே நிறுவனம் 1935இல் தோன்றியது. அதன் கேத்தே–கெரிஸ் பிரிவுக்காகப் பி. என். ராவ் இயக்கிய ‘பொந்தியானாக்’ (1957) மலாய்த் திரையுலகையே குலுக்கிய படம். தமிழில் ‘ரம்பையின் காதல்’ எடுத்த அதே ராவ்தான். இன்று அதன் படி ஒன்றுகூட அறியப்படவில்லை. ஆயினும் எஞ்சிய கேத்தே–கெரிஸ் மலாய்ப் படங்கள் சிங்கப்பூரின் ஆசியத் திரைப்படக் காப்பகத்திடம் ஒப்படைக்கப்பட்டன. 2014இல் யுனெஸ்கோவின் ஆசிய–பசிபிக் நினைவுப் பதிவேட்டிலும் ஏறின. சென்னையில் பிறந்து மலாயாவில் வளர்ந்த எல். கிருஷ்ணன், பினாங்கு மைந்தர் பி. ரம்லியை ‘பக்தி’ (1950) படத்தில் நாயகனாக்கியவர், பின்னர்ப் பணியாற்றியதும் இந்நிறுவனத்தில்தான். ஒரு நிறுவனம் தன் எண்பதாம் ஆண்டை நெருங்கும்போது பெறத்தக்க பொன்னாடை அப்பதிவேட்டில் உள்ள ஒரு வரி.

செலவு மிகுதி என்பது நிறுவனத்தார் சொல்லும் மறுப்பு. உண்மை, செப்பனிடுவது பெருஞ்செலவு. ஆனால் காப்பகத்தில் சேர்ப்பது வேறு, செப்பனிடுவது வேறு. முன்னதற்கு வேண்டியது ஒரு வண்டியும் ஓர் ஒப்பந்தமும். ஒப்படைத்தால் திருட்டுப் படி பெருகும் என்பது அடுத்த மறுப்பு. நல்ல படி கிடைக்காத இடத்தில்தான் திருட்டுப் படி செழிக்கிறது என்பதைக் கடைத்தெருவில் ஒருநாள் நின்றாலே காணலாம்.

அரசுகளும் குற்றமற்றவை அல்ல. இந்தியாவில் நூல் வெளியிடுவோர் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குப் படி அனுப்பியாக வேண்டும். பத்துப் பக்கத் துண்டு நூலுக்கும் உள்ள அந்தக் காவல், ஆயிரம் பேர் உழைத்த திரைப்படத்திற்கு இல்லை. மலேசியாவின் 1986ஆம் ஆண்டு வைப்புச் சட்டமோ திரைப்படம், ஒலிப்பதிவு முதலிய அச்சிடாப் பொருள்களையும் கணக்கில் கொண்டது. ஆயினும் தீபக் குமாரன் மேனனின் ‘செம்மண் சாலை’ (2005) போன்ற இம்மண்ணின் தமிழ்ப் படங்களுக்கு ஆண்டு விழா எடுக்கப் பெரிய நிறுவனம் எதுவும் இல்லை. அவற்றின் படி எங்கே உள்ளது என்று கேட்டு வைக்கும் பொறுப்பு எழுத்தாளர் சங்கங்களையும் ஆசிரியர் மன்றங்களையும் சார்ந்தது.

அடுத்த விழாவை நடத்தும் நிறுவனம் எதுவாயினும், தன் மலரில் வாழ்த்துச் செய்திகளுக்கு ஒதுக்கும் பக்கங்களில் ஒரே ஒரு பக்கத்தை இதற்கு விடட்டும்: எடுத்த படங்களின் பெயர், ஆண்டு, மூலச் சுருள் உள்ளதா இல்லையா, உள்ளதெனில் எந்தக் காப்பகத்தில், எந்த நிலையில். தொலைந்தவற்றிற்கு நேரே ‘இல்லை’ என்றே அச்சிடட்டும். அமைச்சர் வெளியிட வேண்டியது அந்தப் பக்கத்தை.