புகையானை வளர்ப்பது யார்?

“மருந்து அடிச்சு அடிச்சு புகையானுக்குப் பழகிப்போச்சு சார்.” நெல் வயல்களுக்குப் போகும்போதெல்லாம் நான் கேட்கும் பேச்சு இது. மருந்து கேட்கவில்லை என்பது உண்மைதான். ஆனால், எந்தப் பூச்சியும் நஞ்சுக்குப் பழகுவதில்லை. நடப்பது வேறு.

உங்கள் வயலில் உள்ள புகையான்கள் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் எல்லாம் ஒன்றல்ல. ஒன்றிரண்டுக்கு, நஞ்சை உடலுக்குள்ளேயே சிதைக்கும் திறன் பிறவியிலேயே கூடுதலாக இருக்கும். மருந்து தெளித்ததும் மற்றவை மடிய, இவை தப்பி முட்டையிடும். குஞ்சுகளுக்கும் அந்தத் திறன் வரும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை தயார். நல்ல கதிராகப் பார்த்து விதைக்கு எடுத்து வைக்கிறோம் அல்லவா? அதே வேலையைத் தெளிப்பானை வைத்துப் பூச்சிக்கும் செய்கிறோம். 1859-இல் டார்வின் விளக்கிய இயற்கைத் தேர்வு இதுதான்.

ரகத்துக்கும் இதே கதிதான். புகையானைத் தாங்கும் ஐ.ஆர். 26 நெல் 1973-இல் வெளியானது. அது நம்பியிருந்தது ஒரே ஒரு மரபணுவை. பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் சில ஆண்டுகளிலேயே அதையும் தின்னும் புகையான் பெருகிவிட்டது.

இந்த மாற்றம் புதிய இனம் உருவாகும் வரைகூடப் போகலாம். பிலிப்பைன்ஸில் லீர்சியா என்ற புல்லில் வாழும் புகையானும் நெல்லில் வாழும் புகையானும் கண்ணுக்கு ஒன்றுதான். ஆனால், இணையை அழைக்க அவை செடி வழியே அனுப்பும் அதிர்வின் தாளம் வேறு. ஆய்வகத்தில் சேர்த்து அடைத்தால் கலக்கும். விருப்பத்துக்கு விட்டால் பெரும்பாலும் தன் கூட்டத்தையே நாடும். கலப்பு நின்றால் ஓர் இனம் மெல்ல இரண்டாகும்.

கலப்பு நடந்தால் நமக்கு லாபம். மருந்து படாத இடத்துப் பூச்சி, மருந்தைத் தாங்கும் பூச்சியோடு கூடும்போது அந்தத் திறன் பரவுவது தாமதமாகும். ஊரே ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால், கலக்க எந்தப் பூச்சி மிஞ்சும்?

ஆகவே, குத்தைப் பிரித்து எண்ணிப் பார்க்காமல் தெளிப்பானைத் தூக்காதீர்கள். தூருக்கு ஒரு பூச்சி, சிலந்தி இருந்தால் இரண்டு. அதைத் தாண்டினால் மட்டும் மருந்து. எட்டடிக்கு ஓரடி பட்டம் விடுங்கள். தழைச்சத்தைப் பிரித்து இடுங்கள். மருந்தை மாற்றும்போது பெயரை மட்டும் மாற்றிப் பயனில்லை. இமிடாகுளோபிரிட்டும் தயாமீத்தாக்சமும் ஒரே குடும்பம். செயல்படும் விதமே வேறான மருந்தாகக் கேட்டு வாங்குங்கள்.

சிலந்தியையும் மிரிட் நாவாய்ப்பூச்சியையும் காப்பாற்றுங்கள். மருந்தைத் தாங்கும் புகையான், தாங்காத புகையான் என்று அவை பிரித்துப் பார்ப்பதில்லை. இரண்டையும் தின்னும்.