நம்ம தேவராஜனைத் தெரியுமா மக்கா?

சார்பட்டா பரம்பரை (2021) வந்தப்போ கபிலன், ரங்கன் வாத்தியார்னு பேசாத ஆளே இல்லை. ஆனா நிஜத்துல ஜெயிச்ச சென்னைக்காரர் வி.தேவராஜன் பேரைச் சொன்னா "யாருலே அது?"ன்னு கேக்குறாய்ங்க.

54 கிலோ, பேன்டம்வெயிட். 1992-ல் பார்சிலோனா ஒலிம்பிக் போனார். 1994-ல் பாங்காக் உலகக்கோப்பைல வெண்கலம். 1995-க்கான அர்ஜுனா விருது. அம்புட்டுதான், மறந்துட்டோம்.

அதே பாங்காக்கை எடுத்துக்கோங்க. தாய்லாந்தோட காவோசாய் கேலக்ஸி 52 கிலோ பிரிவுக்காரர். 1984-லேர்ந்து 1991 வரை உலக சாம்பியன். 19 தடவை பட்டத்தைத் தக்க வச்சுக்கிட்டு, அதை இழக்காமலே ஓய்வு பெற்றார். அங்கே இன்னிக்கும் அவர் ஹீரோ.

எங்க தூத்துக்குடி திரேஸ்புரத்துல வலை இழுக்குற, சங்கு குளிக்கிற வீட்டுப் பசங்க பலபேர் இதே எடைதான். பாக்ஸிங்னு வாயைத் திறந்தா, "காத்தடிச்சா பறந்துருவ, ஒனக்கெதுக்குலே?"ன்னு கிண்டல் (நானும் பண்ணியிருக்கேன், தப்புதான்). ஒல்லியா இருக்குறவனுக்குன்னே இந்த விளையாட்டுல தனிப் பிரிவு இருக்குங்க!

என்னைக் கேட்டா, கடற்கரையில ஒரு ரிங், ஒரு நல்ல கோச் வேணும். அது வர்ற வரைக்கும் தேவராஜன் கதையையாவது பசங்ககிட்ட சொல்லுவோம். நீங்க என்ன சொல்றீங்க?